மகள் செப்டெம்பரில் அசீலோ போகிறாள், வீட்டில் ராய் யோயோ போட்டு விடலாமா?

வேப்பம்பூ, பலெர்மோ

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது, செப்டெம்பர் நடுவில் அசீலோ, அதாவது பாலர் பள்ளி, தொடங்கிவிடும். காலையில் நான் வீட்டு வேலைக்குப் போய்விடுவேன், இவர் ஒரு உணவகக் குசினியில் நிற்கிறார், பிள்ளையை அம்மாதான் பார்க்கிறா. அம்மாவுக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே பிள்ளையின் காதில் விழுவது முழுக்கத் தமிழ்தான், அதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு.

போன கிழமை பக்கத்து வீட்டு சிஞ்ஞோரா சொன்னா, பிள்ளைக்கு 43ஆம் நம்பரைப் போட்டு விடு, ராய் யோயோ, அரசுத் தொலைக்காட்சியான ராயின் சிறுவர் சேனல், பள்ளிக்கூடம் போகமுதல் கொஞ்சமாவது காது பழகும் என்று. போட்டேன். மகள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து வாயைத் திறந்தபடி பார்த்தாள், ஒரு சத்தமும் இல்லை. சிவப்புப் புள்ளி போட்ட நாய் ஒன்று கதிரையோடு பேசிக்கொண்டிருந்தது. திடீரென்று திரும்பி "அம்மா, அந்த நாய் என்ன சொல்லுது?" என்று கேட்டாள். நானும் இங்கே வந்து நாலு வருடம்தான், வேலைக்கு வேண்டிய சொற்கள்தான் தெரியும். அந்த நாய் என்ன சொன்னது என்று எனக்கும் விளங்கவில்லை. பதில் சொல்லாமல் இருந்தது இரண்டு நாளாக நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

இதைத் தொடர்ந்து போடலாமா? போட்டால் தமிழ் குறையுமா? போடாமல் விட்டால் அங்கே போய் ஊமை மாதிரி நிற்பாளா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தூரின்வாசி

அக்கா, தாராளமாகப் போடுங்கள். நான் மதுரைப் பக்கம், படிக்க வந்து தூரினிலேயே தங்கிவிட்டேன், என் மகனுக்கு இப்போது ஆறு வயது. நீங்கள் பார்த்த நாய் பெயர் பிம்பா. அல்தான் என்ற ஓவியர் 1975ல் ஒரு சிறுவர் இதழுக்காக வரைந்தது. அதில் சூரியன், நாற்காலி, மரம் எல்லாமே பேசும், பொருள் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போதே அதன் பெயரும் வரும், அவசரமே இல்லாமல் நகரும். மொழி தெரியாத குழந்தைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சேனலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு அதன்மேல் உண்மையிலேயே மதிப்பு உண்டு. 2006 நவம்பர் 1ஆம் தேதி தொடங்கியபோது அது சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும்தான். 2009ல்தான் சாதாரண ஆன்டெனா வழியாக எல்லோருக்கும் இலவசமாக வந்தது, அடுத்த ஆண்டு இப்போதைய பெயர் வந்தது. 2016 மே 1 முதல் அதில் விளம்பரம் இல்லை. ஒன்றுகூட இல்லை. நான் வளர்ந்த காலத்தில் சுட்டி டிவி கேபிளில் காசு கட்டித்தான் வரும், அதிலும் நிகழ்ச்சிக்கு நடுவில் பிஸ்கட், சாக்லேட் என்று ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. பழைய சிறுவர் நிகழ்ச்சிகள் பலவும் எங்கள் ஊர் ராய் நிலையத்தில் எடுத்தவை. அந்தத் தெரு வழியாக நடக்கும்போதெல்லாம் மகன் கட்டடத்தைப் பார்த்துக் கை ஆட்டுவான்.

43 சிறு குழந்தைகளுக்கு, 42ல் ராய் கல்ப் எட்டு வயதுக்கு மேல். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரவுவேலை, ரெஜ்ஜோ எமிலியா

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம் தங்கச்சி. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு இரண்டு வயதிலிருந்தே இந்தச் சேனல்தான், எங்களுக்கும் வேலை, வேறு வழியில்லை. அசீலோவில் முதல் நாளே கதைத்தான், ஆசிரியைகள் பாராட்டினார்கள், நாங்களும் பெருமைப்பட்டோம். இப்போது அவனுக்குப் பதினான்கு. நான் தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் வரும். போன வருடம் என் அம்மா ஊரிலிருந்து வீடியோவில் வந்தபோது அவன் சிரித்துச் சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான், அம்மா ஃபோனை வைத்த பிறகு அப்பம்மா என்ன சொன்னா என்று என்னிடம் கேட்டான். அந்த இரவு எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

இத்தாலியனைப் பள்ளிக்கூடம் கொடுக்கும், தெரு கொடுக்கும், எல்லோரும் கொடுப்பார்கள். தமிழைக் கொடுக்க வீடு மட்டும்தான். மூன்று வயதுவரை அம்மா கட்டி வைத்ததை நீங்களே ரிமோட்டால் கலைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பழைய அன்டெனா, நாப்போலி

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், பிறகு தொடருங்கள். உங்கள் வீட்டில் ரிவி எத்தனை வருடம் பழசு? 43 இப்போது வருகிறது என்றால் சரி. ஆனால் அறையில் இருக்கும் பழைய ரிவியிலோ, யாராவது தந்த ரிவியிலோ வராமல் போகலாம். 2021 ஒக்ரோபர் 20ஆம் திகதி யோயோ, கல்ப் உட்பட ராயின் ஒன்பது சேனல்கள் எம்பெக்-4 என்ற புது ஒளிபரப்பு முறைக்கு மாறின. ராய் 1, 2, 3 அன்று பழையபடியே வந்தன. எச்டி பிடிக்காத ரிவிகளில் 43 உட்பட அந்த ஒன்பதும் கறுப்பு.

எங்கள் வீட்டில் அப்போது சின்னவளுக்கு நான்கு வயது. நான் வேலை செய்த இடத்தில் தந்த ரிவி, தடித்த பின்பக்கம் உள்ளது. அவள் காலையில் எழும்பி 4ஐயும் 3ஐயும் தானே அமத்துவாள், நம்பர் பழகியதே அப்படித்தான். அன்று அமத்தினாள், ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்ப அமத்தினாள். பிறகு ரிவியின் பக்கவாட்டில் காதை வைத்து, உள்ளுக்குள் யாரும் கதைக்கிறார்களா என்று பார்த்தாள். நான் அன்ரனா வயர்தான் கழன்றுவிட்டது என்று நினைத்துக் கூரைவரைக்கும் ஏறி இறங்கினேன். புது ஒளிபரப்பைப் பழைய ரிவியில் காட்டும் பெட்டிக்கு, டிகோடருக்கு, அரசாங்கம் 30 யூரோ சலுகை கொடுத்தது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, அது தெரியவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முதலில் அணைந்தது புது ரிவி வாங்க முடியாத வீடுகளில். அந்தச் சேனல் அதிகம் தேவைப்பட்ட வீடுகளும் அவைதான். சிசிலியில் பழைய அனலொக் ஒளிபரப்பை நிறுத்தியதே 2012 ஜூலையில், இத்தாலியிலேயே கடைசியாக, அப்போது வாங்கிய டிகோடர் சிலது 2021ல் திரும்பவும் செத்துப்போனது.

மலைப்படி, பலெர்மோ

வேப்பம்பூ தங்கச்சி, நீர் எனக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறீர் போல. நான் 91இல் வந்தவள். எனக்கு இத்தாலியன் சொல்லித் தந்தது ஒரு பறவைப் பொம்மை, அதனால் இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

அப்போது யோயோ இல்லை. ராயில் ஒரு நிகழ்ச்சி இருந்தது, நீல மரம் என்று அர்த்தம் வரும், லால்பெரோ அட்ஸுர்ரோ. 1990 மே மாதம்தான் தொடங்கியிருந்தது. அந்த மரத்தில் டோடோ என்று ஒரு குஞ்சுப் பறவை, உடம்பெல்லாம் நிறம் நிறமாகப் புள்ளி. நான் வேலை செய்த வீட்டுச் சின்னப் பெடியன் அதைப் பார்ப்பான், நான் பின்னால் நின்று உடுப்பு மினுக்குவேன். அவர்கள் கடதாசி வெட்டி ஒட்டி ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி ஃபோர்பிச்சி என்பார்கள், பசையைக் காட்டி கொல்லா என்பார்கள். நான் மினுக்குப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். சந்தையில் கேட்பது சிசிலியன், அமுனி என்றால் வா போவம். ரிவியில்தான் அந்தியாமோ. இரண்டும் ஒன்று என்று தெரியவே எனக்குக் கனகாலம் சென்றது.

ஆனால் ஒரு விஷயம் கவனம். கார்ட்டூனில் எல்லோரும் எல்லோரையும் தூ என்றுதான் பேசுவார்கள், அதாவது நீ. நீங்கள் என்பதற்கு உள்ள லெய் அதில் வராது. எனக்கு அது தெரியாது. பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க ஒரு அலுவலகத்துக்குப் போய், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நரைத்த மனிதரிடம் நல்ல தெளிவாக, நீ எப்போது தருவாய், நான் எப்போது வரட்டும் என்று கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என்ன பிழை விட்டேன் என்று விளங்கவில்லை, பத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்து வேலை செய்த வீட்டு சிஞ்ஞோராவிடம் சொன்னபோது அவதான் மேசையில் இருத்தி லெய் சொல்லித் தந்தா. வாங்கோ போங்கோ என்று வளர்ந்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாரும். அந்த நாளுக்குப் பிறகு பஸ் சாரதியிடமும் லெய்தான்.

எங்கள் மகனுக்கு 99இல் ராய் 3இல் மெலெவிசியோனே தொடங்கியது, ஃபன்டாபோஸ்கோ என்று ஒரு காடு, தோனியோ கார்தோனியோ அங்கே பழரசம் விற்பான். மகன் பின்னேரத்தில் அதைப் பார்த்துவிட்டு, குசினியில் போத்தல்களை அடுக்கி, தனக்குத் தெரிந்த தமிழில் கடை நடத்துவான். இன்றைக்கும் தமிழ் நல்லாகப் பேசுவான். தம்பி இரவுவேலை சொல்வதில் உள்ள நோவு எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பிள்ளையின் தமிழ் போனது கார்ட்டூனால் என்று நான் நினைக்கவில்லை. தனிய விடப்பட்டதால் என்று நினைக்கிறேன். அதற்கு நீங்களும் காரணம் இல்லை தம்பி, இரவு வேலை செய்து பகலில் நித்திரை கொள்ளும் வீட்டில் வேறு என்ன செய்வது.

தூரின்வாசி

மலைப்படி அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. டிவியிலிருந்து இத்தாலியன் கற்றது நாம் மட்டும் இல்லை, இத்தாலியர்களே அப்படித்தான். 1954 ஜனவரி 3ல் ராய் ஒளிபரப்பு தொடங்கியபோது நாட்டில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது அவரவர் வட்டார மொழி, சிசிலியன், நாப்போலித்தானோ, எங்கள் ஊர்ப் பியெமொந்தேசே. நாட்டை ஒரே பேச்சுக்குக் கொண்டுவந்ததில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்று மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ 1963லேயே எழுதினார். 1960 முதல் 68 வரை அல்பெர்ட்டோ மன்ஸி என்ற ஆசிரியர் டிவியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், பெரிய தாளில் கரித்துண்டால் படம் வரைந்து வரைந்து. அந்த மனிதரே 1992ல் நம்மைப்போல் வெளியிலிருந்து வந்தவர்களுக்காக இத்தாலியன் பாடம் எடுத்தார்.

ஆகவே டிவி முன்னால் உட்கார்ந்து மொழி கற்பதில் தலை குனிய எதுவுமில்லை. என் மாமியார் வீட்டு வேலைக்காரப் பெண்மணி, கலாப்ரியாக்காரர், எண்பது வயது, தன் அம்மா மன்ஸியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடப் பழகினார் என்று சொல்லியிருக்கிறார்.

வேப்பம்பூ

எல்லோருக்கும் நன்றி. மலைப்படி அக்கா, கத்தரிக்கோல் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரிவி புதுசுதான் பழைய அன்டெனா அண்ணா, ஆனால் அம்மாவின் அறையில் ஒரு பழையது இருக்கிறது, அதில் 43 வரவில்லை, இப்போதுதான் காரணம் தெரிகிறது. இரவுவேலை அண்ணா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். எனக்குப் பயம் அதுதான்.

பொயிங் என்ற மற்றச் சிறுவர் சேனலும் போடலாமா? அதில் மகள் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறாள்.

பொம்மைவீடு, பொலோஞ்ஞா

நான் இங்கே பள்ளிக்கூடங்களில் மொழி இணைப்பாளராக வேலை செய்கிறேன், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் அசீலோவுக்கு வரும்போது ஆசிரியைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்பது என் வேலை. சில விஷயங்களைத் திறந்து சொல்கிறேன்.

முதலாவது, ஊமை என்ற பயத்தை விடுங்கள். புது மொழிக்குள் விழுந்த பிள்ளை முதலில் பேசாமல் இருக்கும், சிலது வாரக்கணக்கில், சிலது மாதக்கணக்கில். உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தபடி பார்த்தாள் என்று எழுதினீர்களே, அதுதான். ஒரு பையன் கிறிஸ்மஸ்வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஜனவரியில் ஒரு நாள் தண்ணீர் வரிசையில் இன்னொரு பிள்ளை முந்தியபோது "தொக்கா அ மே!" என்று கத்தினான், என் முறை என்று. ஆசிரியை ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா.

இரண்டாவது, ரிவி தனியாக மொழி கற்றுத்தராது. 2003ல் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் என்பவரின் குழு ஒன்பது மாதக் குழந்தைகளோடு ஒரு ஆய்வு செய்தது. ஆள் முன்னால் இருந்து சீன மொழியில் விளையாட்டுக் காட்டியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்தன, அதே ஆளை ரிவியில் காட்டியபோது பிடிக்கவில்லை. மூன்று வயதில் நிலைமை கொஞ்சம் வேறு, சொற்கள் ஏறும், ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு இத்தாலியன் தெரிந்திருக்கத் தேவையில்லை. நாய் என்ன சொல்லுது என்று பிள்ளை கேட்டால், தெரியவில்லை, என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கிறாய் என்று தமிழில் கேளுங்கள். அது வாளியை எடுக்குது, ஆற்றுக்குப் போகப்போகுதோ என்று அம்மம்மா கேட்கட்டும். அங்கே தமிழ் கூடும், குறையாது. இரவுவேலை அண்ணா, உங்கள் சின்னப் பிள்ளையோடு இதைச் செய்யலாம், இன்னும் நேரம் இருக்கிறது.

நேரம்: இத்தாலியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018ல் சொன்னது, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்துவரை நாளுக்கு ஒரு மணி நேரம். சாப்பிடும்போதும் படுக்கமுதலும் வேண்டாம்.

பொயிங் பற்றி. அது மெடியாசெட் என்ற தனியார் தொலைக்காட்சி நிறுவனமும் ஒரு அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து 2004ல் தொடங்கியது, 40ஆம் நம்பர், அதுவும் இலவசம்தான், ஆனால் விளம்பரத்தில் நடப்பது. நவம்பர் பிறந்தால் ஜனவரி 6 பெஃபானா பண்டிகைவரைக்கும் விளையாட்டுச் சாமான் விளம்பரம் அடுத்தடுத்து வரும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எது கதை, எது விளம்பரம் என்று பிரிக்கத் தெரியாது, எல்லாம் கேட்கும், அம்மா இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குப் பார்த்து வீடு நடத்துகிற நமக்கு அது பெரிய பாரம். ஆகவே இப்போதைக்கு 43 போதும்.

பாட்டுகளை விட்டுவிடாதீர்கள். பொலோஞ்ஞாவில் அந்தோனியானோ என்று ஒரு இடம், 1961 முதல் ஸெக்கீனோ டோரோ என்ற சிறுவர் பாட்டு விழா அங்கேதான் நடக்கிறது. 1968 விழாவில் வந்த 44 பூனைப் பாட்டு எல்லா அசீலோவிலும் பாடுவார்கள், யோயோவில் அந்தப் பெயரிலேயே கார்ட்டூனும் 2018ல் வந்தது. பூனைகள் ஆறு ஆறாக வரிசையில் நிற்கும், மீதி இரண்டு. உங்கள் மகள் அதைக் கேட்டுப் பழகிப் போனால், முதல் கிழமையே மற்றப் பிள்ளைகள் பாடும்போது அவளுக்கும் வாய் அசையும்.

கானோனே

இலவசம் இலவசம் என்கிறீர்கள், இலவசம் இல்லை. கரண்ட் பில்லில் ஜனவரியிலிருந்து ஒக்ரோபர்வரை மாதம் 9 யூரோ, வருடம் 90, ராய் கட்டணமாக எல்லோரும் கட்டுகிறோம். நான் மூன்று வருடம் அது என்ன காசு என்றே தெரியாமல் கட்டினேன். ஆகவே யாரும் தயங்க வேண்டாம், அது உங்கள் காசில் ஓடும் சேனல், உங்கள் பிள்ளைக்கு அதில் உரிமை உண்டு. இனி எல்லாம் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்ரனாவிலிருந்து அதைத் தூக்கும் நாள் வந்தால் நாம்தான் முதலில் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபோன் ஒன்று, அது வேலைக்கு என்னோடு வந்துவிடும். 43 வீட்டிலேயே இருக்கும்.

இரவுவேலை

பொம்மைவீடு எழுதியதை இரண்டு தரம் படித்தேன். சின்னவளுக்கு ஐந்து. நேற்று வேலை முடிந்து வந்து படுக்காமல் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன். முயல் ஒன்று காய்ச்சலில் படுத்திருக்கிறது, நண்பர்கள் எல்லோரும் பார்க்க வருகிறார்கள். யார் வந்திருக்கினம் என்று கேட்டேன். தமிழில் தொடங்கினாள், பாதியில் சொல் கிடைக்காமல் நின்றாள், நான் எடுத்துக் கொடுத்தேன், தொடர்ந்தாள். முள்ளம்பன்றி என்ற சொல் அவளுக்கு இதுவரை தெரியாது. இப்போது தெரியும்.

ஆனாலும் என் கருத்தில் பாதி அப்படியே நிற்கிறது. பக்கத்தில் இருக்க ஆள் இல்லாத நேரத்தில் போட வேண்டாம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

வேப்பம்பூ

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அசீலோ தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு கிழமை அழுதாள், நானும் வாசலுக்கு வெளியே நின்று அழுதேன். பூனைப் பாட்டு உண்மையிலேயே உதவியது, ஆசிரியை அதை என்னிடம் சொன்னா. அம்மாவின் அறை ரிவிக்கு ஒரு சின்ன டிகோடர் வாங்கிப் பூட்டினோம், பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஐந்துவரை இரண்டு பேரும் கட்டிலில் ஏறி இருந்து பார்ப்பார்கள், ஐந்துக்கு அம்மாவே நிறுத்திவிடுவா.

போன வியாழக்கிழமை நான் வேலையால் வரும்போது கதவு திறந்து கிடந்தது. உள்ளே அம்மா கேட்கிறா, "பிள்ளை, அந்த நாய் இப்ப என்ன சொல்லுது?" மகள் ரிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள், "பசிக்குதாம் அம்மம்மா. நாய்க்கும் பசிக்குதாம், கதிரைக்கும் பசிக்குதாம்." சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்று கேட்டேன்.

மலைப்படி அக்கா, ஒரு கேள்வி. அவள் ஆசிரியையை தூ என்றுதான் பேசுகிறாள். லெய் இப்போதே சொல்லிக் கொடுக்க வேண்டுமா? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மலைப்படி

வேண்டாம் தங்கச்சி. அசீலோவில் மாஎஸ்த்ராவைப் பிள்ளைகள் எல்லோரும் தூ என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புவரை அப்படியே போகும். லெய் நடுநிலைப் பள்ளியில் வரும், அதற்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. நீர் மட்டும் ஆசிரியையோடு லெய் பேசும். ஞாயிற்றுக்கிழமை ரோசலியா மாதா கோயிலுக்கு மலை ஏறுவீரென்றால் பிள்ளையையும் கூட்டிவாரும், அந்த நாய் வேறு என்னென்ன சொன்னது என்று நானும் கேட்க வேண்டும்.